ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து

பதினோரு வருடம் பொற்கொடி ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு வந்தாள். அந்த எண் பொய் என்று தெரிந்த அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது. ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அவள் வல்லத்திராக்கோட்டைக்காரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் சாலையில் இருந்த தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் லேப் டெக்னீஷியன் வேலை. அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். கேன்டீன் மேசையைத் தன் கைக்குட்டையால் துடைத்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். "சுத்தக்காரி வர்றா" என்று மற்ற ஊழியர்கள் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது மாடிக் கோடி அறைதான் மைக்ரோவேவ் லேப். அங்கே மேசைமேல் ஒரு பித்தளைக் குழாய் நீளமாகக் கிடக்கும். வட்டக் குழாயல்ல, சதுரத்தை அமுக்கிவிட்டது போன்ற குழாய். அதன் ஒரு முனையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஆஸிலேட்டர். அலை அதிலிருந்து கிளம்பிக் குழாய்க்குள் ஓடும். குழாயின் மேல் ஒரு ஊசியை நகர்த்தி, அலையின் நீளத்தை அளந்து, அதிலிருந்து நொடிக்கு எத்தனை அலைவு என்று கணக்குப் போட வேண்டும். அதுதான் மாணவர்களின் சோதனை. விடை 9,375 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தேழரைக் கோடி அலைவு.

எல்லா வருடமும், எல்லா மாணவருக்கும் 9,375தான். லேப் தொடங்கிய வருடம் ஊசி உடைந்து கிடந்தது. யாரோ ஒரு லெக்சரர் மாதிரிக் கணக்கு ஒன்றில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தார், முதல் பேட்ச் பிள்ளைகள் அதையே எழுதினார்கள். அடுத்த பேட்ச் முதல் பேட்சின் நோட்டைப் பார்த்து எழுதியது. பிறகு ஊசி ரிப்பேராகி வந்தது. அதைத் தொட்டு அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பொற்கொடியும் ஒவ்வொரு நோட்டிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரைக்குக் கீழே கையெழுத்திட்டாள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

அந்த வசதியைக் கெடுத்தது ஒரு மரப்பெட்டி.

கோபிநாத் என்ற பழைய மாணவர் வெளியூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே கழித்துவிட்ட ஃப்ரீக்வென்சி கவுண்ட்டர் ஒன்றைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். பெட்டி வந்த அன்று துறைத்தலைவர் ஆவுடையப்பன் அதன்மேல் கை வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ கல்லூரி நோட்டீசில் வந்தது. பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போய் இரண்டு வருடம் கிடந்தது.

செமஸ்டர் லீவில் ஸ்டோரைச் சுத்தம் பண்ணப் போன பொற்கொடிதான் அதைத் திறந்தாள். உள்ளே சூடு தணிக்கும் சின்னக் காற்றாடியில் செத்துக் காய்ந்த பல்லி ஒன்று ஒட்டிக் கிடந்தது. கன்வெர்ட்டர் என்று எழுதிய துணைப்பெட்டியைச் சொருகும் பொந்தில் பல்லி முட்டைகள், எச்சம், பச்சை பூத்த பின்கள். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷுமாக மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தாள். நாலாம் நாள் சுவிட்சைப் போட்டதும் கவுண்ட்டரின் முகப்பில் சிவப்பு எண்கள் எரிந்தன.

ஆனால் ஒன்று அவளுக்குப் பிடிபடவில்லை. கவுண்ட்டர் நொடிக்கு எத்தனை அலைவு என்று ஒவ்வொன்றாக எண்ணுவது. அதற்கு 500 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எண்ண முடியும், அதற்குமேல் வேகமாக வந்தால் திணறிவிடும். துணைப்பெட்டியிலோ 'ஹெட்டரோடைன் கன்வெர்ட்டர், 8,000 முதல் 18,000 வரை' என்று போட்டிருந்தது. ஐந்நூறோடு மூச்சு வாங்குகிறவன் பதினெட்டாயிரத்தை எப்படி எண்ணுவான்?

பெட்டியிலிருந்த கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சாலையோரம் இருநூறு மீட்டருக்கு ஒன்றாக நட்டிருந்த சின்னக் கற்கள் கண்ணில் பட்டன. சட்டென்று பிடிபட்டது.

கையில் ஐந்நூறு மீட்டர் டேப்தான் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கிற புளியமரம் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். முழுத்தூரத்தையும் டேப் பிடிக்க வேண்டியதே இல்லை. மரத்துக்கு முந்தின கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, கல்லிலிருந்து மரம் வரை மட்டும் அளந்து, இரண்டையும் கூட்டினால் போதும்.

கன்வெர்ட்டர் செய்வது அதேதான். கவுண்ட்டருக்குள் தாளம் தப்பாமல் துடிக்கும் கிரிஸ்டலிலிருந்து இருநூறு மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றை உண்டாக்கி, அதன் மடங்குகளை எல்லாம் கல் நட்ட மாதிரி வரிசையாக நிறுத்துகிறது. எட்டாயிரம், எட்டாயிரத்து இருநூறு, எட்டாயிரத்து நானூறு என்று. குமிழைத் திருகினால் அதில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த அலையையும் அளக்க வேண்டிய அலையையும் ஒன்றாகக் கலந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனி அலையாக வெளியே வரும். வித்தியாசம் சின்னது. அதைக் கவுண்ட்டர் சுலபமாக எண்ணிவிடும். குமிழில் இருக்கும் எண்ணோடு கவுண்ட்டர் எண்ணைக் கூட்ட வேண்டியது நம் வேலை. கல்லை நடுவதும் எண்ணுவதும் ஒரே கிரிஸ்டல் என்பதால் கல் சொல்வதற்கும் டேப் சொல்வதற்கும் பேதம் வராது.

ஒரே ஒரு இடத்தில் ஏமாறலாம். மரத்தைத் தாண்டிய கல்லைப் பிடித்துவிட்டால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆஸிலேட்டரின் திருகைக் கொஞ்சம் திருப்பி அலைவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கவுண்ட்டர் எண்ணும் ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல்.

மறுநாள் லேபைத் திறந்ததும் ஆஸிலேட்டரிலிருந்து கேபிளைக் கன்வெர்ட்டருக்குக் கொடுத்தாள். குமிழைக் கீழிருந்து மேலே கொண்டு போனாள். வித்தியாசம் இருநூறுக்குள் வந்தால்தான் கன்வெர்ட்டரின் மீட்டர் முள் எழும், 9,600இல் எழுந்து நின்றது. கவுண்ட்டர் 87 என்றது, கடைசி இலக்கங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. திருகைத் திருப்பிப் பார்த்தாள், ஏறியது. கூட்டினாள். 9,687.

நம்பாமல் 9,800க்குப் போய் அங்கிட்டிருந்து பார்த்தாள். 113. இந்த முறை திருகைத் திருப்பினால் இறங்கியது. கழித்தாள். மறுபடி 9,687. ஊசியை நகர்த்திப் பழைய முறையில் அளந்தாள், 9,690ஐ ஒட்டி வந்தது. மூன்று வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. பதினோரு வருடத்து நோட்டுகளில் ஒன்றுகூட அங்கே வந்து சேரவில்லை.

அன்றைக்குத்தான் இரண்டு முறை கை கழுவினாள்.

ஆவுடையப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் மத்தியானச் சாப்பாடு முடித்து, யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டின் முனையால் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், கவுண்ட்டர் வேலை செய்யுது. நம்ம ரெக்கார்டுல இருக்கறது தப்பு சார். முந்நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல வித்தியாசம்."

அவர் கார்டை வெளியே எடுத்து, முனையில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி வாய்க்குள் விட்டார். "யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். மேனுவல்ல மாத்திப்புட்டா இந்த வருசப் பிள்ளைகளாச்சும் சரியா எழுதும்."

"ஏம்மா, ஒன்பது புள்ளி மூணு, ஒன்பது புள்ளி ஆறு. ரெண்டும் ஒன்பதுதானே? போயி வேலையப் பாருங்க."

பல் குத்திய கார்டை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொற்கொடி படியிறங்கும்போது எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டே வந்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருவதாகச் செய்தி வந்தது. வராண்டாவில் இல்லாத பூந்தொட்டிகள் முளைத்தன. கழிவறைகளில் முதல்முறையாகத் தண்ணீர் வந்தது. ஆவுடையப்பன் தானாகவே லேபுக்கு வந்தார்.

"கவுண்ட்டர ஷோ பண்ணணும் பொற்கொடி. மாவட்டத்துலயே நம்மகிட்டதான் இருக்கும்னு கரஸ்பாண்டன்ட்டே சொல்லிட்டாரு."

அவளுக்கு மனசு லேசானது. "பண்ணிடலாம் சார். இப்பவே காட்டட்டுமா?" என்று சொல்லி 9,687ஐக் காட்டினாள்.

அவர் முகம் சுருங்கியது. "இது வேணாம். அவுங்க ரெக்கார்டப் பொரட்டுவாங்க. ரெக்கார்டுல ஒண்ணு, மிஷின்ல ஒண்ணு இருந்தா அசிங்கம். 9,375 வரட்டும்."

"திருகை எவ்வளவு இறக்குனாலும் இந்த ஆஸிலேட்டர் அவ்வளவு கீழ வராது சார்."

"வர வேணாம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "குமிழ 9,200ல வையி. நம்மகிட்ட சின்ன சிக்னல் ஜெனரேட்டர் இருக்கில்ல? அதுல 175 போட்டு, மேசைக்கு அடியில வச்சு, பின்னாடி வழியா கவுண்ட்டருக்கு நேரா கேபிள் குடுத்துரு. 9,200ம் 175ம் எவ்வளவு? அம்புட்டுதான். கன்வெர்ட்டர் கேபிளு மேல சும்மா இருக்கட்டும்."

ஓடாத மெஷினுக்கு இப்படிச் செய்வதைக்கூடப் பொற்கொடி பார்த்திருக்கிறாள். இங்கே மெஷின் ஓடுகிறது. சரியாக ஓடுகிற மெஷினைப் பழைய பொய்யோடு ஒத்துப்போக வைக்க, அதன் வாயைக் கட்டிவிட்டுப் பின்னாலிருந்து வேறொருவன் பேசுவது. இந்த மூளையை இவர் ஒருநாளாவது பாடம் நடத்தச் செலவு பண்ணியிருந்தால்?

ஆனாலும் கேபிளை இழுத்துக் கட்டியது அவள் கைதான். மேசைக்கு அடியில் மண்டியிட்டு, சிலந்தி வலையை ஒதுக்கி, ஜெனரேட்டரை வைத்தாள். கவுண்ட்டரில் 175.000000 என்று வந்து நின்றது. கடைசி இலக்கம்கூட அசையவில்லை. பிணம் கிடக்கிற மாதிரிக் கிடந்தது அந்த எண். உண்மையான ஆஸிலேட்டர் ஒருநாளும் அப்படி நிற்காது, சூட்டுக்கும் குளிருக்கும் கடைசி இலக்கங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவன் முத்துராமன் டிராக்டர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். "என்னாச்சு?" என்று கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊரே அப்படித்தான் இருக்கு. ஒனக்கு மட்டும் என்ன?" என்றான்.

"நீங்க ஓடாத வண்டிய ஓடுதுன்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

"மறுநாளே வந்து சட்டையப் பிடிப்பானே."

"இங்க ஒருத்தனும் வந்து பிடிக்க மாட்டேங்குறானே, அதாங்க கொமட்டுது."

கமிட்டி வந்த அன்று டெமோ காட்ட நிறுத்தப்பட்டவள் ஜெனிஷா. ஆவூர்ப் பக்கத்துப் பெண், கடைசி வருடம், நன்றாக இங்கிலீஷ் பேசுவாள் என்பதால் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று நிஜமாகவே படித்துவிட்டு வந்திருந்தாள். மடங்குகள், கலப்பது, வித்தியாசம் என்று அவள் கண்கள் மின்னச் சொல்லிக்கொண்டு போனபோது பொற்கொடிக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பிள்ளையின் உண்மையான படிப்பைக்கூடப் பொய்க்குப் பாயாக விரித்தாகிவிட்டது.

"ஒன்பதாயிரத்து இருநூறு, கூட்டல் நூற்றெழுபத்தைந்து. மொத்தம் 9,375 மெகாஹெர்ட்ஸ், சார்."

கமிட்டித் தலைவர் பருத்த மனிதர். கழுத்தில் கல்லூரி போட்ட சந்தன மாலை. என்ன நினைத்தாரோ, கை நீட்டி ஆஸிலேட்டரின் திருகை இரண்டு சுற்றுச் சுற்றினார். எண் மாறவில்லை. இன்னும் இரண்டு சுற்று. 175.000000.

ஜெனிஷா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் கண் திருகுக்கும் கவுண்ட்டருக்கும் போய்ப் போய் வந்தது. பிறகு பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எக்ஸலண்ட் ஸ்டெபிலிட்டி!" என்றார் தலைவர். கூட வந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சிரித்தார்.

தலைவர் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா? இரண்டில் எது அதிக அருவருப்பு என்று பொற்கொடியால் முடிவு பண்ண முடியவில்லை. ஜெனிஷா இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம் சார்" என்றாள் பொற்கொடி.

குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து வந்த கேபிளைப் பிடுங்கினாள். கவுண்ட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. பிடுங்கிய கேபிளை எல்லாரும் பார்க்க மேசைமேல் போட்டாள். கவுண்ட்டரின் சுவிட்சைக் கன்வெர்ட்டர் பக்கம் தள்ளி, குமிழை 9,600க்குக் கொண்டு வந்தாள். முள் எழுந்தது. தலைவர் திருகிய திருகில் எண் 87 இல்லை, 102 என்றது, கடைசி இலக்கங்கள் துடித்துக்கொண்டிருந்தன.

"9,702 சார். இப்பத் திருகுங்க."

அவர் தன்னை அறியாமல் திருகினார். எண் ஓடியது. 98, 94, 91.

"இதான் இந்த ஆஸிலேட்டரோட அலைவு. இதுக்கு முன்னாடி நீங்க பாத்தது கீழ இருக்குற ஜெனரேட்டரு. அத வச்சதும் நான்தான். ரெக்கார்டுல உள்ள 9,375 தப்பு. அதுல கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

ஆவுடையப்பனின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. தலைவர் மேசைமேல் கிடந்த கேபிளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓ, ரெண்டு மெத்தடுல காட்டுறீங்க. குட், குட்" என்று சொல்லிவிட்டு, "அடுத்து லைப்ரரியா?" என்று கேட்டபடி நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. பொற்கொடி நினைத்த மாதிரி எதுவும் இடிந்து விழவில்லை. கல்லூரிக்கு நல்ல கிரேடு வந்தது. அறிக்கையில் அந்த லேபைப் பாராட்டி ஒரு வரிகூட இருந்தது. ஆவுடையப்பன் அவளைத் திட்டவில்லை. மறுவாரமே பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்ட்டருக்கு மாற்றிவிட்டார். ஜெனிஷா, அன்று கவுண்ட்டர் கடைசியாகக் காட்டிய 91ஐக் கூட்டி, தன் ரெக்கார்டில் 9,691 என்று எழுதியிருந்தாள். கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினால்தான் பிராக்டிகலுக்கு விடுவோம் என்றார்கள். பாஸ் வாங்க வந்தபோது அவளே சொன்னாள்.

"மாத்தி எழுதிட்டேன் மேம். எங்கப்பா வெளிநாட்டுல மாடு மாதிரி ஒழைக்கிறாரு. அரியர் வச்சா தாங்க மாட்டாரு." சொல்லும்போது அவள் தலை நிமிரவில்லை.

"எழுதிட்டுப் போ. ஒம் மேல தப்பு இல்ல" என்றாள் பொற்கொடி. சொல்லிவிட்டுப் பஸ் பாஸில் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினாள். அந்த ஸ்டாம்பிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்றுதான் இருந்தது. அடுத்த மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

இப்போது ஜெகதாப்பட்டினத்தில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், விசைப்படகுகளின் வயர்லெஸ் செட் ரிப்பேர் பார்க்கும் கடையில் இருக்கிறாள். அறந்தாங்கியில் பஸ் மாறிப் போக வேண்டும். கடையை நடத்துகிற அடைக்கலம் என்பவருக்குச் சாலிடர் பிடிக்கத் தெரியும், அளக்கத் தெரியாது. கடையில் தூசி பிடித்துக் கிடந்த சின்ன ஃப்ரீக்வென்சி கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் அவளால் மீன் கவிச்சியைத் தாங்க முடியவில்லை. செட்டின் மைக்கைத் திறந்தால் உள்ளே உப்பும் செதிலும் வெற்றிலைச் சாறும் ஒட்டிக் கிடக்கும். ஒரு செட்டுக்குள் கரப்பான்பூச்சி குடும்பமே இருந்தது. இரண்டு நாள் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் ஸ்பிரிட் பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அந்த அருவருப்பு துடைத்தால் போய்விடுகிறது. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. செட்டின் அலைவு கொஞ்சம் தள்ளிப் போனாலும் கடலில் ஒருவன் கூப்பிடுவது இன்னொருவனுக்குக் கேட்காது. கரைக்கு வந்ததும் நேரே கடைக்கு வந்து கத்துவான். ஒருமுறை அப்படி ஒருவன் உண்மையாகவே வந்து கத்தினான். பொற்கொடி செட்டை வாங்கி அளந்து பார்த்தாள், தப்பு அவளுடையதுதான். மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்து கொடுத்தாள். முத்துராமனிடம் அதைச் சொல்லும்போது அவள் ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரிச் சொன்னாள்.

போன மாதம் ஆவுடையப்பனிடமிருந்து போன் வந்தது.

"என்ன பொற்கொடி, சௌக்கியமா? நம்ம காலேஜ மறந்துட்டியே!" குரலில் தேன் ஒழுகியது. "கமிட்டி மறுபடி வருது. அந்தக் கன்வெர்ட்டர யாருக்கும் ஓட்டத் தெரியல. ஒரு நா வந்து செட் பண்ணிக் குடுத்துட்டுப் போயேன்."

அவளுக்கு அந்த விசிட்டிங் கார்டின் முனை ஞாபகம் வந்தது. காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன் சார். ஆனா நான் வந்தா அதுல என்ன நம்பர் இருக்கோ அதுதான் வரும். மேனுவலயும் மாத்தணும். பிள்ளைகளும் அதத்தான் எழுதணும்."

அந்தப் பக்கம் யாரோ அறைக்குள் வந்து எதையோ கேட்பதும், அவர் "அப்பறம், அப்பறம்" என்பதும் கேட்டது.

"சரிம்மா, பாத்துக்கிறோம். நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் அலையணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொற்கொடி போனின் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்து மேசைமேல் வைத்தாள். வாசலில் ஈரக் கைலியோடு ஒருவர் செட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கரகரன்னு வருதும்மா. என்னான்னு பாருங்க."

"இங்கிட்டு வைங்க அண்ணே" என்று சொல்லி, கவுண்ட்டரின் கேபிளை எடுத்தாள்.